சத்தியக் கடதாசியில் மூன்றாம் பந்தி

வழக்குப் பேசும் பிறக்கிராசியார் தவராசா மூன்றாம் பந்தியை இரண்டாம் தரமும் வாசித்துக் காட்டினார். கடதாசி இங்கிலீசில் தட்டெழுதப்பட்டிருந்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் படித்துவிட்டு வாயால் தமிழில் சொன்னார்.

“போன வருசம் ஏப்பிரல் ஒன்பதாம் திகதி, திருகோணமலையில குண்டு விழுந்த நேரம், மனுக்காரி தன்ரை மகளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சல்லிக் கிராமத்துக்கு ஓடினா எண்டும், வழியில சனக்கூட்டத்துக்குள்ளை தம்பி தவறிப்போனான் எண்டும், மூண்டு நாளாய் அவனைத் தேடி அலைஞ்சா எண்டும் எழுதியிருக்கு. சரிதானே?”

“ஓம்” என்றாள் குணமணி.

“அப்ப இதிலை கையெழுத்து வையுங்கோ.”

அவர் காட்டிய இடத்தில் தன் பெயரை மூன்று தரம் எழுதினாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துகள் வரிசையாகவே விழுந்தன. கை நடுங்கும் என்று பயந்துகொண்டு வந்திருந்தாள், நடுங்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. வெளியே விறாந்தை வாங்கில் அவளுடைய தம்பி செல்லத்தம்பி உட்கார்ந்து, தெருவால் போகும் கடற்படை லொறிகளுக்கெல்லாம் கையைத் தூக்கிக் கொண்டிருந்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு அவனுடைய புத்தி நின்றுவிட்டது. உடம்பு மட்டும் தகப்பனைப்போல உயர்ந்து, தோள் அகன்று, தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

எல்லாம் காணியால் வந்தது. அவர்களுடைய தகப்பன் துறைமுகப் பண்டகசாலையில் வேலை பார்த்தவர். குடியிருக்கும் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, உள்துறைமுகத்துப் பக்கம் இருந்த தென்னங்காணியை மகன் பேரில் வைத்துவிட்டுச் செத்துப்போனார். காணி இருந்தால் யாராவது அவனுக்குச் சோறு போடுவார்கள் என்று நினைத்திருப்பார். இப்போது கடற்படைக்காரர் அந்த இடத்தில் சாமான் கொட்டில்கள் கட்ட வேண்டுமென்று கேட்டு, அரசாங்கக் கச்சேரியிலிருந்து செல்லத்தம்பி பேருக்குக் கடிதம் வந்தது. செல்லத்தம்பி கடிதத்தை வாங்கிக் கப்பல் செய்தான். கச்சேரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இவனுக்காகக் கையெழுத்து வைக்க ஒருவரை நீதிமன்றம் நியமிக்க வேண்டும், காணிக்கு ஒரு பொறுப்பாளரும் ஆளுக்கு ஒரு பாதுகாவலரும் வேண்டும் என்று சொல்லிப் போனார்கள்.

அதில்தான் சிக்கல். தவராசா அதை முதல் நாளே சொல்லிவிட்டார். “அவன் கண்ணை மூடினால் காணி உங்களுக்குத்தான் வரும். நீங்கள் உரித்தாளி. உரித்துள்ள ஆளிட்டை அவன்ரை உடம்பையும் உயிரையும் பொறுப்புக் குடுக்க நீதவான் யோசிப்பார்.”

“நான் என்ன, அவனைக் கொல்லப் போறனே?”

“உங்களைச் சொல்லேல்லை. சட்டம் பொதுவாய்த்தான் பாக்கும். நீங்கள் பார்த்த மாதிரி வேறை ஆர் பார்ப்பினம் எண்டு காட்டினால் அவர் விட்டுக்குடுக்கலாம். அதுக்குத்தான் குண்டு விழுந்த நாளைப் பற்றி எழுதவேணும். அந்த நாளிலையும் விடாமல் கொண்டுபோனவ எண்டால், பிறகு என்ன கேள்வி?”

அயல் முழுவதும் இதைக் கேட்டுக் கொதித்தது. இருபது வருசமாக அவனுக்கு முழுக வார்த்து, நகம் வெட்டி, காய்ச்சலுக்குப் பத்தியம் காய்ச்சிய பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்றார்கள். புருசன் மலேரியாவில் போனபிறகும் அந்தத் தம்பியை ஒரு நாள் பட்டினி போடாதவள் என்றார்கள். குணமணி அவர்கள் சொல்வதைத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டத்தை எழுதினவனை அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு தன்னைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினான் என்று அவளுக்குப் பட்டது.

குண்டு விழுந்த அன்று வியாழக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரந்தான். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது சைரன் ஊதியது. செல்லத்தம்பிக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் கடற்கரைக்கு ஓட வேண்டும். கப்பல் ஒவ்வொன்றின் ஊதலும் அவனுக்குத் தெரியும், சைரனையும் ஒரு புதுக்கப்பல் என்றுதான் நினைத்திருந்தான். அதற்காகவே அவனுடைய அறைக்கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தாள். சைரன் ஊதும்போது அவனை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைப் போடுவாள், நின்றதும் திறந்துவிடுவாள். அதில் தப்பு ஒன்றும் இருக்கவில்லை. அன்றும் அப்படித்தான் போட்டாள். பிறகு துறைமுகப் பக்கத்தில் முதல் குண்டு விழுந்தது. நிலம் ஒருதரம் மேலே வந்து கீழே போனது போலிருந்தது. ஓடுகள் பொலபொலவென்று விழுந்தன. எட்டு வயதுச் சீதேவி, அவளுடைய ஒரே பிள்ளை, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்துகொண்டு நின்றாள். குணமணி மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். தெரு நிறையச் சனம். சீனக்குடாப் பக்கம் வானம் கறுத்துப் புகைந்தது. வாசல் படலையடியில் ஒரு கணம் நின்றாள். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. “அக்கா, அக்கா” என்று அவன் கூப்பிட்டதும் கேட்டது. விளையாட்டுக்குக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டான். படலைக்கும் அந்தக் கதவுக்கும் இடையில் எத்தனை எட்டு என்று பிறகு எத்தனையோ தரம் நடந்து பார்த்திருக்கிறாள். பதினெட்டு. பதினெட்டு எட்டுப் போய்த் தாழ்ப்பாளை இழுத்துவிட்டு வர எவ்வளவு நேரம் பிடித்திருக்கும். அவள் போகவில்லை. சனத்தோடு சேர்ந்து வடக்கே ஓடினாள்.

அதையாவது பயம் என்று சொல்லலாம். சல்லியில் அம்மன் கோயில் முன்றலில் மீன்பிடிக்காரர் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி, ஓடிவந்த சனத்துக்கெல்லாம் ஊற்றினார்கள். சிரட்டையில் வாங்கிக் குடித்தாள். மகளுக்கும் பருக்கினாள். பிறகு எழுந்துபோய் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தாள். உப்பும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சி ருசியாக இருந்தது. அப்போதுதான் அந்த நினைவு வந்தது. வீட்டின்மேல் குண்டு விழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒரு பாரம் இறங்கி, மூச்சு நன்றாக உள்ளே போனது. சல்லியிலிருந்து வீட்டுக்கு இரண்டு மணித்தியால நடைதான். பின்னேரமே விமானங்கள் போய்விட்டன என்று ஆட்கள் சொன்னார்கள். சிலர் சாமான் எடுக்கத் திரும்பிப் போனார்கள். வெள்ளிக்கிழமையும் போனார்கள். ஒரு கிழவன் அவளிடம், “பிள்ளை, நீ வரேல்லையோ? வீட்டிலை ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டான். இல்லை என்று சொன்னாள்.

சனிக்கிழமை போனாள். கூரையில் ஓடுகள் போனதைத் தவிர வீடு அப்படியே நின்றது. அறைக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. கதவின் அடிப்பலகையில் நகத்தால் பிறாண்டிய கோடுகளும் காய்ந்த இரத்தமும் இருந்தன. அவள் அந்த நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் நேரம் அபூதாஹிர் வந்தார். மூதூர்க்காரர், துறைமுகத்தில் சாமான் ஏற்றும் வள்ளத்தில் வேலை செய்பவர், ஐம்பது வயதிருக்கும். இறங்குதுறையில் செல்லத்தம்பி தினமும் போய் உட்கார்ந்திருப்பதால் அவனைப் பழக்கம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு செல்லத்தம்பி வந்தான். பத்து விரலிலும் எண்ணெயில் தோய்த்த சீலைத்துண்டு சுற்றியிருந்தது.

“வியாழக்கெழம பின்னேரம் அசர் நேரத்துக்கு இந்தப் பக்கத்தால வந்தன். கதவு தட்டுற சத்தம் கேட்டிச்சி. தொறந்தன்” என்றார் அபூதாஹிர். “தனிய உட மனமில்ல. மூதூருக்குக் கொண்டு போனன். பொஞ்சாதி ஜெமீலாதான் மருந்து கட்டினா.”

வேறொன்றும் கேட்கவில்லை. எங்கே போயிருந்தாய், ஏன் வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை. அவர் புறப்படுமுன் கிளிவெட்டியிலிருந்து அவளுடைய புருசனின் தமையன் வேலாப்போடி வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். அவருக்கு முன்னால்தான் அவள் முதல் தரம் அந்தக் கதையைச் சொன்னாள், ஓடும்போது சனத்துக்குள் தவறிப்போனான் என்று. அபூதாஹிர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார். திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு வியாழக்கிழமைகளில் ஊருக்குப் போகுமுன் அபூதாஹிர் வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் வரும் நாள் செல்லத்தம்பிக்கு எப்படியோ தெரிந்துவிடும். விடிய எழுந்து தலை வாரச் சொல்லி அக்காவிடம் சீப்பைக் கொண்டுவருவான். அவனுக்கு அக்காமேல் கோபமும் இல்லை, பயமும் இல்லை. முன்பு எப்படியோ அப்படியே சோற்றுக்கு வந்து உட்கார்ந்து, மீனில் முள் எடுத்துத் தரும்வரை வாயைத் திறந்துகொண்டிருந்தான். அந்த அறைக்குள் மட்டும் போகமாட்டான். குசினி விறாந்தையில் பாய் போட்டுக்கொண்டான். அவன் ஒரு தரமாவது தன்னை அடித்திருந்தால், தள்ளிவிட்டிருந்தால் என்று குணமணி நினைப்பாள். அவன் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதைப் பார்க்க முடியாமல் சட்டியைக் கழுவப் போவதுபோல எழுந்துவிடுவாள்.

வழக்குப் போட்ட செய்தி கேட்டு வேலாப்போடி மறுபடியும் வந்தார். கதிரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். நல்ல மனிதர். புருசன் போனபிறகு வருசம் தவறாமல் நெல் மூட்டை அனுப்பியவர்.

“பிள்ளை, நானும் கோட்டுக்கு மனுக் குடுத்திருக்கிறன்” என்றார். “உனக்குத் தரமாட்டினமாம் எண்டு கேள்வி. ஆரோ பிறத்தியானிட்டைப் போகாமல் எங்கடை கையிலை இருக்கட்டும்.”

“அவனை நீங்கள் கிளிவெட்டிக்குக் கொண்டுபோவியளே, அத்தான்?”

“கிளிவெட்டியிலை ஆர் பார்க்கிறது? கொழும்பிலை இப்பிடியான ஆக்களுக்கு ஆசுபத்திரி இருக்கு. அங்கை விட்டால் நேரத்துக்குச் சாப்பாடு. நீயும் எத்தினை நாளைக்கு? சீதேவிக்கும் ஒரு காலம் வரும். இப்பிடி ஒரு மாமன் வீட்டிலை இருக்கிற இடத்துக்கு ஆர் கேட்டு வருவான்?” வெற்றிலையை வாயில் வைத்தார். “நீ செய்தது காணும். குண்டுக்குள்ளையும் அவனைத் தேடித் திரிஞ்சவள் நீ. இனியெண்டாலும் மனிசியாய் இரு.”

அவர் போனபிறகு குணமணி வெகுநேரம் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொன்னால் அவன் அவளோடு இருப்பான். உண்மையைச் சொன்னால் கொழும்புக்குப் போவான். அப்படியானால் பொய்தான் அவனுக்கு நல்லது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வரும்போது, சல்லியில் கஞ்சிச் சிரட்டையோடு இருந்தபோதும் இதேபோல ஒவ்வொன்றாக அடுக்கினாள் என்பது ஞாபகம் வந்தது. பிள்ளைக்குக் கால் வலிக்கிறது, வழியில் ஆமிக்காரர் மறிப்பார்கள், இனிப் போய் என்ன செய்வது. எல்லாம் சரியான காரணங்களாகத்தான் இருந்தன.

விசாரணைக்கு முந்தின வியாழக்கிழமை அபூதாஹிர் படலைக்கு வெளியிலேயே நின்றார். தவறிய தம்பியைக் கொண்டுவந்து சேர்த்தவர் என்று தவராசா அவரைச் சாட்சிக்கு அழைத்திருந்தார். உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“தங்கச்சி, கோட்டுல சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. கேக்காததச் சொல்லமாட்டன். கேட்டாங்க எண்டா எனக்குப் பொய் சொல்லேலா.”

“நான் உங்களைப் பொய் சொல்லக் கேக்கேல்லை, நானா” என்றாள். அண்ணன் என்ற முறையில் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“தெரியும். கேக்கவும் மாட்டாங்க. நீங்க பயப்புடாதீங்க.”

அவர் தன்னைத் தேற்றுவது அவளுக்குத் தாங்கவில்லை. “நீங்கள் ஏன் ஒருநாளும் என்னட்டைக் கேக்கேல்லை?” என்றாள்.

அபூதாஹிர் கோப்பையைக் கீழே வைத்தார். “அண்டைக்கி எங்கட வள்ளத்தில அலியார் எண்டு ஒரு புள்ள நிண்டான். குண்டு விழக்க நான் தண்ணியில பாஞ்சி கரைக்கு வந்துட்டன். அவன் காலு கயித்துக்குள்ள. என்னப் பாத்தான். திரும்பிப் போகல்ல நான். அவன்ட மய்யத்த எடுத்துக் குடுத்துட்டு வரக்குள்ளதான் ஒங்கட கதவு தட்டுற சத்தம் கேட்டிச்சி. நான் எப்புடிம்மா ஒங்களக் கேக்கிற?”

நீதிமன்றத்துக்கு முன்னால் மணல்மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மூட்டைகள் கிழிந்து மணல் வழிந்த இடத்தில் ஆடு ஒன்று படுத்திருந்தது. உள்ளே சன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்கும் கடதாசி ஒட்டியிருந்தார்கள். நீதவான் மெலிந்த மனிதர், இங்கிலீசில் மெதுவாகப் பேசினார். அவர் பேசுவதைத் தமிழாக்க ஒரு கோட்டு முதலியார் கீழே நின்றார். முதலில் செல்லத்தம்பியைக் கூப்பிட்டார்கள். குணமணி காலையில் அவனுக்கு வெள்ளை வேட்டி உடுத்தி, தகப்பனுடைய பழைய கோட்டைப் போட்டுவிட்டிருந்தாள். பெயரைக் கேட்டார்கள், சொன்னான். இது எந்த மாதம் என்று கேட்டார்கள். அவன் யோசித்துவிட்டு, “பெரிய கப்பல் ரெண்டு வந்திருக்கு. ஒண்டுக்கு மூண்டு புகைக்குழாய்” என்றான். நீதவான் சிரிக்கவில்லை. அது சரிதான் என்று தலையாட்டி, போய் உட்காரச் சொன்னார். செல்லத்தம்பி போய் அபூதாஹிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு தவராசா எழுந்து பேசினார். நீதவான் கடதாசிகளைப் புரட்டினார். இவன் இறந்தால் நிலம் யாருக்குப் போகும் என்று கேட்டார். மனுக்காரிக்கு என்றார் தவராசா. முதலியார் தமிழில் சொன்னார்: “பலன் ஒருவருக்கும் காவல் இன்னொருவருக்கும் இருப்பதே நல்லது என்று நீதவான் கருதுகிறார்.” பின்வாங்கிலிருந்து யாரோ பெண் உச்சுக்கொட்டினாள். தவராசா மூன்றாம் பந்தியைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். நீதவான் பார்த்தார். இரண்டு தரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு அவளைச் சாட்சிக் கூட்டில் ஏறச் சொன்னார்.

“தம்பி சனக்கூட்டத்தில் தவறிப்போனான் என்று இருக்கிறது. எந்த இடத்தில் தவறினான் என்று நீதவான் கேட்கிறார்.”

அது சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்வி அல்ல. எழுதிக்கொள்வதற்காகக் கேட்டது. அவர் பேனாவைத் தொட்டுத் தயாராக வைத்திருந்தார். உப்புவெளிச் சந்தி என்று சொல்ல வேண்டும். அதைத்தான் வேலாப்போடிக்கும் அயலுக்கும் தவராசாவுக்கும் சொல்லியிருந்தாள். எத்தனையோ தரம் சொன்னதால் அந்தச் சந்தியில் அவன் கை நழுவியதைக்கூட அவள் கண்ணால் கண்டதுபோல் ஆகியிருந்தது. பார்த்தாள். அபூதாஹிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லத்தம்பி கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். விரல் நகங்கள் முளைத்துவிட்டன, இரண்டு மட்டும் கோணலாக முளைத்திருந்தன.

“தவறேல்லை, ஐயா. நான் அவனை விட்டிட்டுப் போனனான்.”

முதலியார் அவளைத் திரும்பிப் பார்த்தார். “உரத்துச் சொல்லுங்கோ.”

“அறைக்குள்ளை வைச்சு வெளியாலை பூட்டிப்போட்டு, விட்டிட்டுப் போனனான்.”

அவர் இங்கிலீசில் சொன்னார். எவ்வளவு சின்னதாக இருந்தது அது இங்கிலீசில். தவராசா பாதி எழும்பி, திரும்ப உட்கார்ந்தார். நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பயத்திலா என்று கேட்டார்.

“முதல் நாள் பயத்திலைதான், ஐயா. ரெண்டாம் நாள் பயம் போயிட்டுது. ரெண்டு மணித்தியால நடைதான். அப்பவும் போகேல்லை.”

“அப்படியானால் ரெண்டாம் நாள் ஏன் போகவில்லை என்று கேட்கிறார்.”

குணமணி கூட்டின் பலகையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு ஒரு சொல்லைத்தான் அவள் ஒன்றரை வருசமாகத் தேடிக்கொண்டிருந்தாள். “கஞ்சி குடிச்சனான், ஐயா. ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சனான்” என்றாள். முதலியார் அதை மொழிபெயர்க்கலாமா என்று தயங்கி நின்றார். நீதவான் சைகை காட்டினார், மொழிபெயர்த்தார். நீதவான் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்தவற்றை அவள் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்டாள். பொய்ச் சத்தியம் தண்டனைக்குரியது என்றார் நீதவான். தானாகவே திருத்திக்கொண்டபடியால் அந்தப் பந்தியை வெட்டிவிடச் சம்மதித்தார். வேலாப்போடியைக் கூப்பிட்டுக் கேட்டார், அவர் கொழும்பு ஆசுபத்திரியைச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் குணமணியைப் பார்க்கவில்லை. பிறகு அபூதாஹிர் சத்தியம் பண்ணி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கதவு எப்படி இருந்தது, எத்தனை மணி, எங்கே கொண்டுபோனார் என்று.

“நீதவான் மனுக்காரியைக் கேட்கிறார். நீங்கள் இல்லையென்றால், யாரிடம் இவனை ஒப்படைக்கலாம்?”

“அபூதாஹிர் நானாவிட்டை.”

வேலாப்போடி எழும்பிவிட்டார். சோனக வீட்டில் ஒரு சைவப்பிள்ளையா, கோயில் குளம் என்னாவது என்றார். நீதவான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு அதையே அபூதாஹிரிடம் கேட்டார்.

“அவன்ட சாமி அவனுக்கு, ஐயா” என்றார் அபூதாஹிர். “எங்கட ஊட்டில மாட்டிறச்சி ஆக்கிற நாளைக்கி அவனுக்கு மீனாக்கலாம். ஆனா ஒண்டு. அவன் அக்காவ உட்டு இரிக்கமாட்டான். அங்கயே இரிக்கட்டும். நான் கெழமக்கி ஒருக்கா வந்து பாக்கன். ரெண்டு நாளைக்கிக் கூட்டிட்டுப் போறன். ஏதும் பிழ எண்டா வந்து ஒங்களுக்குச் சொல்றன்.”

இரண்டு கிழமை கழித்துக் கட்டளை வந்தது. காணி அலுவலை நீதிமன்றத்துக் காரியதரிசி பார்ப்பது. ஆளுக்குப் பாதுகாவலர் அபூதாஹிர். மனுக்காரியின் வீட்டில் அவன் இருக்கலாம். பாதுகாவலர் எந்த நேரத்திலும், முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பார்க்கலாம். தவராசா அதை வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கள் எனக்கெண்டாலும் முதலே சொல்லியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வேலாப்போடியின் நெல் அந்தப் போகம் வரவில்லை. முன்பு அவளுக்காகக் கொதித்த அயல் இப்போது அவளைக் கண்டால் கதையை நிறுத்தியது. கிணற்றடிக்கு வருபவர்கள் செல்லத்தம்பியிடம், “சாப்பிட்டியோ, அக்கா சாப்பாடு தந்தவவோ?” என்று அவள் காதுபடக் கேட்டார்கள். அவன் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். சொல்லிவிட்டால் இலேசாக இருக்கும் என்று அவள் எங்கோ நினைத்திருந்தாள் போலும். இலேசாக இல்லை. முன்பு அது உள்ளே ஓரிடத்தில் இருந்தது, இப்போது வீடு முழுவதும் இருந்தது. அபூதாஹிர் வரும் நாளுக்கு முன்தினம் செல்லத்தம்பியின் முதுகு, கால் இடுக்கு, காதின் பின்பக்கம் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒரு கீறல் இருந்தால் அது எப்படி வந்தது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அபூதாஹிர் ஒரு நாளும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

சீதேவி எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் கேட்டறிந்தாள். பத்து வயதாகப் போகிறவள். இரண்டு நாள் தாயோடு பேசவில்லை. மூன்றாம் நாள், தாய் அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

“அம்மா, மாமா கூப்பிட்டது எனக்குங் கேட்டது.”

குணமணி அரைப்பதை நிறுத்தினாள். திரும்பவில்லை.

“நீங்கள் நிண்டனீங்கள். நான்தான் உங்கடை கழுத்தை இறுக்கிப் பிடிச்சனான், போகவேண்டாமெண்டு. உங்களுக்கு ஞாபகமில்லையோ?”

அவளுக்கு ஞாபகமில்லை. எவ்வளவு தேடியும் அந்தக் கைகள் ஞாபகத்தில் இல்லை. பிள்ளை சொல்வது உண்மையாக இருக்கலாம், தாய்க்காகப் பிள்ளை இப்போது உண்டாக்கியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒன்றரை வருசமாக இதுவும் இந்த வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. “இல்லை, பிள்ளை. நீ பிடிக்கேல்லை” என்றாள். “நீ சின்னப்பிள்ளை. நான்தான் போகேல்லை.” கையெல்லாம் மிளகாய். மகளைத் தொட முடியாமல் முழங்கையால் அணைத்துக்கொண்டாள். சீதேவி அழுதாள்.

அடுத்த வியாழக்கிழமை, கட்டளைக்குப் பிறகு முதல் தரமாக, செல்லத்தம்பியை மூதூருக்குக் கூட்டிப்போக அபூதாஹிர் வந்தார். குணமணி இறங்குதுறை வரைக்கும் கூடப் போனாள். துறையில் காவல் நின்ற பொலிஸ்காரன் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துப் போகவிட்டான். கடல் அமைதியாக இருந்தது. செல்லத்தம்பி சுக்கானுக்கு முன்னாலிருந்த பலகையில் உட்கார்ந்துகொண்டான். அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, அது அவனுக்குத் தெரியாது. வள்ளம் தள்ளி, பாய் எடுத்து, நங்கூரமிட்டிருந்த கப்பல்களுக்கு நடுவால் போனது. ஒரு சாம்பல்நிறக் கப்பலின் விளிம்பில் சட்டையில்லாத வெள்ளைக்காரப் பொடியன்கள் வரிசையாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் செல்லத்தம்பி எழும்பி நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான். வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. குணமணி கரையில் ஓரடி முன்னால் வைத்தாள். தண்ணீர் காலில் பட்டது.

அபூதாஹிர் சுக்கானை ஒரு கையால் பிடித்தபடியே முன்னால் எட்டி, மற்றக் கையால் அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை முதுகுப்பக்கம் கொத்தாகச் சேர்த்துப் பிடித்தார். அவனை உட்காரச் சொல்லவில்லை. கப்பலில் ஒருவன் கத்தியைத் தூக்கி ஆட்டினான், பிறகு இன்னொருவன், பிறகு எல்லோரும். செல்லத்தம்பி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கை காட்டினான். வள்ளம் கப்பலின் முழு நீளத்தையும் கடக்க வெகுநேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அந்தக் கை சாரத்தை விடவில்லை.